மண்ணா, பட்டாளமா? பட்டாளமே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, கரும்பைக் கடித்தபடியே கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்து.

தலைப்பு, "உழவர் வீட்டுப் பிள்ளையைப் போர்க்களத்தில் வீரனாக்குவது ஊர் மண்ணா, பட்டாளமா?" மாட்டுக்கொம்பில் பூசிய வண்ணம் இன்னும் காயவில்லை. கழனிக்காரர்கள் நிறைந்த இந்தக் கூட்டத்தில் நின்று 'மண் இல்லை, பட்டாளம்தான்' என்று பேச என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எதிரணிக்கு 'மண்' என்று சொன்னாலே கைதட்டல் விழுகிறது. எனக்கு அந்த வசதி இல்லை. நான் ஆதாரம் கொண்டுவந்தால்தான் உண்டு.

எதிரணித் தலைவர் அண்ணன் கரம் சிங் கதையில் ஆரம்பித்தார். பஞ்சாபில் சேஹ்னா என்ற கிராமத்தில் உழவர் வீட்டில் பிறந்தவர், போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்கியவர், "ஏர் பிடித்த கை, அதனால்தான் துப்பாக்கி பிடித்தபோது நடுங்கவில்லை" என்றார். நல்ல வசனம், நானும் கைதட்டினேன். ஆனால் அண்ணன் வருஷங்களைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். நான் சொல்கிறேன், நடுவர் குறித்துக்கொள்ளட்டும்.

கரம் சிங் பிறந்தது 1915 செப்டம்பர் 15. படையில் சேர்ந்தது 1941 செப்டம்பர் 15. அதாவது 26 வயது முடிகிற வரைக்கும் அவருக்கு ஊர்தான். அவரும் அப்பா மாதிரி விவசாயியாகவே இருக்க நினைத்தவர்தான். அந்த 26 வருஷத்தில் இவர் பெரிய வீரர் என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியனில் சேர்கிறார். 1944இல் பர்மாப் போர்முனையில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் மிலிட்டரி மெடல் வாங்குகிறார். மண்ணுக்கு 26 வருஷம் கொடுத்தோம், பட்டாளத்துக்கு 3 வருஷம்தான் கொடுத்தோம். பதக்கம் எந்தக் கணக்கில் வந்தது?

"வாய்ப்பு வரவில்லை, வந்திருந்தால் ஊரிலேயே காட்டியிருப்பார்" என்று அக்கா அங்கிருந்தே தலையாட்டுகிறார்கள். சரி. அந்த வாய்ப்பைக் கொடுத்தது யார், அக்கா? நீங்களே எங்கள் அணிக்கு ஒரு மார்க் போட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றையும் அண்ணன் விட்டுவிட்டார். கரம் சிங்குக்குப் பட்டாள ஆசை எப்படி வந்தது? முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பி வந்த பெரியவர்கள் அவர் ஊரில் இருந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வந்தது. சொன்னவர்கள் பட்டாளத்துக்காரர்கள். நிலம் அங்கே சும்மா கிடந்து அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். 1948 அக்டோபர் 13, காஷ்மீரில் திட்வால் பகுதி, ரிச்மார் கலி. லான்ஸ் நாயக் கரம் சிங் ஒரு முன்னணிக் காவல் நிலைக்குப் பொறுப்பு. கூட இருந்தது சில வீரர்கள் மட்டும். எதிரி ஆள் பலம் பல மடங்கு. குண்டு வீச்சில் பதுங்கு குழிகள் சிதைந்து, பின்னால் இருந்த படைக் கம்பெனியோடு பேச வழியில்லாமல் போனது. தோட்டாவும் குறைந்துகொண்டே வருகிறது. அவருக்கும் காயம்.

அந்த நிலையில் அவர் என்ன செய்தார்? மார்தட்டிக்கொண்டு முன்னால் பாயவில்லை. உதவி வந்து சேராது என்று கணக்குப் போட்டு, தன் ஆட்களைப் பெரிய நிலைக்குப் பின்வாங்கச் சொன்னார். இன்னொரு வீரரின் துணையோடு காயம்பட்ட இருவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். கோபத்தில் இருக்கிறவன் பின்வாங்க உத்தரவு கொடுக்க மாட்டான். பயந்தவன் காயம்பட்டவனைத் தூக்க நிற்க மாட்டான். நடுவில் இருக்கிற இந்த நிதானம் எங்கே கிடைக்கும்? திரும்பத் திரும்பப் பழகிய இடத்தில்தான்.

அப்புறம் முன்வரிசைப் பதுங்கு குழியில் நின்றார். ஐந்தாவது தாக்குதலின்போது இரண்டு முறை காயம். பின்னால் போய் வைத்தியம் பார் என்றார்கள், போகவில்லை. எதிரிகள் இருவர் மிக நெருங்கிவிட்டார்கள். சுட்டால் நம் ஆள் மேலேயே படும். குழியிலிருந்து குதித்துத் துப்பாக்கி முனைக் கத்தியால் இருவரையும் வீழ்த்தினார். அன்றைக்கு மொத்தம் எட்டுத் தாக்குதல். எட்டும் முறியடிக்கப்பட்டன. பரம் வீர் சக்ராவை உயிரோடு வாங்கிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். கௌரவ கேப்டனாக ஓய்வுபெற்று 1993 வரை வாழ்ந்தார்.

நம் வள்ளுவர் இதற்கு எந்த அதிகாரத்தில் இடம் கொடுத்தார்? உழவு அதிகாரத்தில் இல்லை, படைமாட்சியில். "உலைவிடத்து ஊறஞ்சா வன்கண் தொலைவிடத்துத் தொல்படைக் கல்லால் அரிது." அழிவு வந்து, ஆள் குறைந்து நிற்கிற நேரத்திலும் காயத்துக்கு அஞ்சாத உறுதி, வழிவழியாக வந்த படைக்கு அல்லாமல் மற்றவர்க்கு அரிது என்கிறார். திட்வாலைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது.

அக்கா உடல் வலுவைப் பற்றிப் பேசினார்கள். வெயிலிலும் மழையிலும் கழனியில் கிடந்த உடம்பு எதையும் தாங்கும் என்றார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்ப் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் பையன்கள் ஓடுகிறார்களே, ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஜெயிக்க, அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை தூக்கிப் பழகிய பையன் கொஞ்சம் முன்னால்தான் வருவான். ஆனால் அது வாசல் வரைக்கும்தான். உள்ளே?

ஜம்முவில் ஆர்.எஸ்.புரா என்று ஒரு பகுதி. பாசுமதிக்குப் பேர் போனது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பானா சிங். நெல் வயலில் வளர்ந்தவர் 1987 ஜூன் 26 அன்று சியாச்சினில் 21,000 அடிக்கு மேல் இருந்த எதிரியின் காவல் நிலையைப் பிடித்தார். அதற்கு ஏறக்குறைய 1,500 அடிப் பனிச்சுவரில் ஏற வேண்டியிருந்தது. குளிரில் துப்பாக்கியே வேலை செய்ய மறுக்கிற இடம். அக்கா, எந்த வரப்பில் நடந்தால் பனிச்சுவர் ஏறத் தெரியும்? அவர் குல்மார்க்கில் இருக்கிற மலைப்போர்ப் பள்ளியில் பயின்றவர். அங்கே கிடைத்தது அது.

அப்துல் ஹமீது? 1965இல் கேம்கரண் பக்கம், ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்து பாகிஸ்தானின் 'பாட்டன்' ரக டாங்குகளை உடைத்தவர். அவர் தையல்காரர் வீட்டுப் பிள்ளை. எதிரணி வாதப்படி அவருடைய வீரம் ஊசியிலிருந்தா வந்தது? டாங்குகளை எதிர்க்கும் அந்தப் பீரங்கியில் தேர்ந்தவர் அவர். அதனால்தான் அந்த ஜீப்பில் அவர் உட்கார்ந்திருந்தார்.

தம்பி எழுந்து கோட்டையைக் காட்டினார். "1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்களே, அவர்களை எழச் சொன்னது வெள்ளைக்காரன் பயிற்சியா, இந்த மண்ணின் மானமா?" என்று கேட்டார். இன்றைக்கு எதிரணி கேட்டதில் எனக்கு உண்மையிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். நெற்றிக் குறியை அழி, தாடியைத் திருத்து, தோல் சின்னம் வைத்த தலைப்பாகையைப் போடு என்றால் மானமுள்ளவன் கொதிக்கத்தான் செய்வான். அந்தக் கொதிப்பைப் பட்டாளம் கற்றுக் கொடுக்கவில்லை. அந்த மார்க் தம்பிக்கே.

ஆனால் அந்தக் காலை எப்படி முடிந்தது என்று தம்பி சொல்லவில்லையே. கோட்டை கைக்கு வந்தது, திப்புவின் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. அதற்கப்புறம் வழிநடத்த ஆள் இல்லை. பலர் கொள்ளையடிக்கக் கலைந்தார்கள், வாசலைச் சரியாகக் காக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்தான், கதவைப் பீரங்கியால் பிளந்தான். மதியம் ஆகுமுன்பே எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கில் நம் ஆட்கள் செத்தார்கள். துணிவு குறைந்தா தோற்றார்கள்? கட்டுக்கோப்பு குலைந்து தோற்றார்கள். எழுவதற்கு மானம் போதும். பிடித்த கோட்டையைச் சாயங்காலம் வரை வைத்திருக்கப் பட்டாள ஒழுங்கு வேண்டும்.

நடுவர் ஐயா, இப்போது நான் சொல்லப்போவதை எதிரணி கொஞ்சம் கவனமாகக் கேட்கட்டும். 'மண்தான் வீரனைப் பெறுகிறது' என்ற வாதம் புதியதில்லை. இதை நம்மிடம் வந்து சொன்ன ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். வெள்ளைக்காரர், பேர் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதி. பின்னால் இந்தியா முழுவதற்கும் தளபதி. அவர் கொள்கை என்ன தெரியுமா? வடக்கே சில நாடுகளிலும் மலைகளிலும் பிறந்தவர்கள் போர்க்குலம். தெற்கே இருக்கிறவர்கள் நீண்ட காலம் அமைதியாக வாழ்ந்து மென்மையாகிவிட்டவர்கள், சண்டைக்கு உதவ மாட்டார்கள்.

அதாவது, நம் மண் வீரனைப் பெறாத மண். பேச்சோடு விடவில்லை. மதராஸ் படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள், கலைத்தார்கள். இரண்டு உலகப்போர்களுக்கும் நடுவில் பழைய மதராஸ் காலாட்படைப் பிரிவே இல்லாமல் போனது. 1758இல் தொடங்கிய பரம்பரை அது! கரம் சிங் ஊருக்கு அதே கொள்கை வாசலைத் திறந்து வைத்தது. நம் ஊர்களுக்குச் சாத்தியது.

அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்தது. ஆள் போதவில்லை. மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். அதே தெற்கத்திப் பையன்கள், ராபர்ட்ஸ் உதவாது என்று தள்ளிய அதே மண்ணின் பையன்கள், பர்மா வரை போய்ப் போரிட்டார்கள். நடுவில் மண் மாறிவிட்டதா? பாலாற்றில் புதுசாக ஏதாவது வந்து சேர்ந்ததா? பாலாற்றில் தண்ணீரே வருவதில்லை, அது வேறு கதை. மாறியது ஒன்றுதான். கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள், சொல்லிக் கொடுத்தார்கள், பக்கத்தில் நிற்க நாலு பேரைக் கொடுத்தார்கள். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற முழக்கம் அந்த ரெஜிமென்டுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

எதிரணி நல்ல மனசோடுதான் மண்ணைப் பாடுகிறது, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மண்ணுக்கு வீரம் உண்டு என்று சொன்ன மறு நிமிஷம், இன்னொரு மண்ணுக்கு இல்லை என்று சொல்ல ஒருத்தன் வருவான். வந்தான். நம்மைப் பார்த்தே சொன்னான்.

நம் வேலூர் பஜார் மணிக்கூண்டுக் கல்லை அண்ணன் சுருக்கமாகத் தொட்டார், நானும் சுருக்கமாகத் தொடுகிறேன். முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஊர்ப் பேர்தானே கல்லில் இருக்கிறது என்றார். அண்ணே, அந்த மாதிரிக் கல்லை வெள்ளைக்கார அரசு நாடு முழுக்கப் பல ஊர்களில் பதித்து வைத்தது. ஊருக்குப் பெருமை கொடுத்தால் அடுத்த தடவையும் ஆள் கிடைக்கும். 277 பேரில் ஒருத்தர் பேர்கூட அந்த வரியில் இல்லை.

அங்கேதான் எனக்கு வருத்தம். 'மண் தந்த வீரம்' என்று சொல்லிவிட்டால் நமக்குச் செலவே இல்லை. மண் சும்மா கொடுத்தது, நாம் சும்மா வாங்கிக்கொண்டோம். அந்தப் பையன் எத்தனை வருஷம் பழகினான், என்ன கற்றான், எதை விட்டுவிட்டுப் போனான் என்று கேட்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பாத வருஷத்தில், மல்லாட்டை காய்ந்துபோன வருஷத்தில், தங்கச்சி கல்யாணத்துக்குக் காசு வேண்டும் என்று லெட்டர் வாங்கிக்கொண்டு ரயிலேறிய பையன்கள் இந்த வடஆற்காட்டில் எத்தனை பேர்! அவன் போனது மண் கொடுத்ததாலா, மண் கொடுக்காததாலா? இந்தக் கூட்டத்தில் பென்ஷன் புத்தகம் வைத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன், இது அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு.

வேலூர்ப் பக்கத்து நம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பேர் வாங்கியது. ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். அங்கே தாத்தா போனார், அவர் திரும்பி வந்ததைப் பார்த்து அப்பா போனார், அப்பாவின் சீருடையைப் பார்த்து மகன் போகிறான். சுற்றி இருக்கிற ஊர்களிலும் அதே மழைதான், அதே கிணறுதான், அதே நெல், அதே மல்லாட்டைதான். அப்படியிருக்க, இந்தப் பேர் ஏன் இந்த ஒரு ஊருக்கு மட்டும் வந்தது? தம்பி பதில் சொல்லட்டும். 'மண்தான்' என்று சொன்னால், எந்த சர்வே நம்பர் என்று கேட்பேன்.

நன்றி, வணக்கம்.