முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

பிடித்த கதை வகை எது, அது உங்கள் எழுத்தை என்ன செய்திருக்கிறது, இதைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் யதார்த்தக் கதைகள் என்று சட்டென்று பதில் சொன்னேன். 25 வருடமாக மேடைகளில் அதைத்தான் சொல்லி வருகிறேன், வாய்க்குப் பழகிவிட்டது. ஃபோனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் எழுதுவது யதார்த்தக் கதை, சரி. தூக்கம் வராத ராத்திரியில் கை தேடிப் போவது எதை? துப்பறியும் கதையை. சின்ன வயதில் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு கேட்டது எது? பேய்க் கதை. இந்த இரண்டையும் பற்றி நான் எந்த மேடையிலும் வாய் திறந்ததில்லை. தமிழாசிரியை பேசுகிற விஷயமா என்ற கூச்சம்தான். இப்போது பணி ஓய்வும் பெற்றாயிற்று, வானொலியில் முகமும் தெரியாது. பேசிவிடுகிறேன்.

1978ஆம் வருடம். நான் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்தில் வீடு, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பினாங்குப் பாலம் 1985இல்தான் திறந்தார்கள். அதுவரை தீவுக்குப் போக வேண்டுமென்றால் எங்களுக்கு ஃபெரிதான். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அக்கரைக்குப் போவோம். அம்மாவுக்குச் சௌராஸ்தா மார்க்கெட்டில் சாமான் வாங்க வேண்டும். அந்த மார்க்கெட்டை ஒட்டிய தெருவின் பெயரே லெபோ தமிழ். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை. அம்மா மீனுக்குப் பேரம் பேசி முடிப்பதற்குள் நானும் அப்பாவும் பழைய புத்தகக் கடைக்குள் புகுந்துவிடுவோம். மலாய், ஆங்கிலப் பாடநூல்களுக்கு நடுவில், தமிழ்நாட்டிலிருந்து வந்து நாலைந்து கை மாறி மூலை மடங்கிப்போன மாத நாவல்கள் கிடக்கும். ஒன்று 50 காசு.

எனக்கு முன்னால் அவற்றைப் படித்த ஒரு புண்ணியவான் இருந்தார். ஆளைப் பார்த்ததில்லை, கையெழுத்து மட்டும் தெரியும். நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. துப்பறியும் நாவலாக இருந்தால் முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழேயே, "கொலை செய்தது டிரைவர்" என்று எழுதிவிடுவார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 50 காசு போச்சே! அப்பா சிரித்தார். "அதனால என்ன, படி. டிரைவரை எங்கெங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு பாரு" என்றார்.

பார்த்தேன். டிரைவர் கார் கதவைத் திறந்துவிடுகிறான், அதே வரியில் எஜமானியம்மாள் மயங்கி விழுகிறார். டிரைவர் துணியால் கையைத் துடைக்கிறான், மாடியில் கண்ணாடி உடைகிறது. அவன் வருகிற இடத்திலெல்லாம் பக்கத்தில் ஏதாவது ஒன்று கீழே விழுந்து நம் கண்ணை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. எழுதியவர் அவனை ஒளித்து வைக்கவே இல்லை. நம் எதிரிலேயே நிற்க வைத்திருக்கிறார், நாம்தான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொலைகாரன் யார் என்று தெரியாமல் படித்திருந்தால் இது ஒன்றும் என் கண்ணில் பட்டிருக்காது. அதன் பிறகு புத்தகத்தை எடுத்ததும் முதல் பக்கத்தில் நீல மை இருக்கிறதா என்று நானே தேட ஆரம்பித்தேன்.

ஒரு தடவை மட்டும் அவர் என்னை ஏமாற்றினார். "வக்கீல்" என்று எழுதியிருந்தார். பார்த்தால் பாதிக் கதையிலேயே வக்கீல் செத்துப்போகிறார். வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கே குழப்பமா, தெரியாது. அந்த மனிதர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பின்னாளில், ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பாதிரியார் அல்லவா, பத்து என்றுதான் எழுதுவார். முதல் கட்டளை, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். நம் டிரைவர் அதில் தேறிவிடுகிறான். பத்தாவது, முன்கூட்டிக் கோடி காட்டாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது. இதைக் கண்டிப்பாகப் பின்பற்றியிருந்தால் எங்கள் வீட்டு அலமாரியில் பாதி காலியாகியிருக்கும். ஐந்தாவதைப் படித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது: கதையில் சீனர் வரக்கூடாது. அந்தக் காலத்து மலிவு நாவல்களில் எடுத்ததற்கெல்லாம் ஒரு மர்மச் சீனரை வில்லனாக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சலிப்பில் சொன்னது அது. இருந்தாலும், பக்கத்து வீட்டில் சீனர் இல்லாமல் பினாங்கில் யார் கதை எழுதுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுத ஆரம்பித்தபோது கதையில் கொலை இல்லை, போலீஸ் இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம், ரப்பர் மரம், இவைதான். ஆனால் கை பழைய கை. ஆரம்பத்தில் எழுதிய ஒரு கதையில், ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, ஏமாற்றுகிறார். தராசுக்கு அடியில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. அதை முதல் பத்தியிலேயே ஒரு பிள்ளை விளையாட எடுக்கிறது, கிராணி அதட்டுகிறார், பிள்ளை அழுகிறது. படிப்பவர், கிராணி சிடுமூஞ்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவார். கல்லைக் கவனிக்க மாட்டார். கல் டிரைவர், பிள்ளையின் அழுகை மயங்கி விழுந்த எஜமானியம்மாள்.

அந்தக் கதையை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். மர்மக் கதைச் சாயல் இருக்கிறது, இலக்கியத் தரத்துக்கு ஆகாது என்று ஒரு நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மர்மக் கதை படித்தவள் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் பெரிய அதிர்ச்சி. இப்போது எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கல்லை ஒளித்து வைப்பதில் எனக்கு இருந்த அக்கறை, கூலி குறைந்து வீட்டுக்குப் போகிற பெண் அன்றைக்கு என்ன சமைத்தாள் என்பதில் இல்லை. விடை தெரிந்ததும் கதையில் மனிதர்கள் தேவையில்லாமல் போய்விடுகிறார்கள். அது துப்பறியும் கதை என்னிடம் விட்டுப்போன கெட்ட பழக்கம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலிருந்து ஒட்டிக்கொண்டது இன்னொன்று, பத்திக்குப் பத்தி கடைசியில் யாராவது கதவைத் தட்டுவார்கள். சரித்திர நாவல்களையும் விழுந்து விழுந்து படித்திருக்கிறேன். நிலவைப் பார்த்தாலே அரைப் பக்கத்துக்கு வர்ணனை வரும். அதை நிறுத்தப் பத்து வருடம் ஆயிற்று. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

பேய்க் கதை அப்படி இல்லை. அது புத்தகத்திலிருந்து வந்ததும் இல்லை.

பள்ளி விடுமுறைக்கு நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போவோம். அப்பாவைப் பெற்ற பாட்டி. லயத்தில் எல்லாரிடமும் பேய்க் கதை இருந்தது. வாழை மரத்துப் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேய், எல்லையில் சுருட்டு நெருப்போடு நடக்கிற முனி, எல்லாம் சத்தமும் சிரிப்புமான பேய்கள். பாட்டியின் பேய் மட்டும் அமைதியானது. பொழுது சாய்கிற நேரத்தில் லயத்தின் கோடியில் ஓர் ஆள் வந்து நிற்பார். தலையில் துண்டு. தண்ணி கேட்பார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார், குடிக்க மாட்டார். கையில் வைத்துக்கொண்டே நிற்பார். யாருப்பா நீ என்று கேட்டால் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் கதை. பாட்டி ஒரு நாளும் அதைப் பேய் என்று சொன்னதில்லை. "அந்த ஆளு" என்பார். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "இருட்டிடுச்சுல்ல" என்று சொல்லிவிட்டு விளக்கைத் தணிப்பார். மற்ற பேய்களை நாங்கள் விளையாட்டில் நடித்துக் காட்டினோம். இதை யாரும் நடித்ததில்லை.

பாட்டியின் அண்ணன், ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்குப் போனவர், திரும்பவில்லை. இது எங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு வரியில் முடிந்துவிடும். அதையும் பேய்க் கதையையும் நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. நாற்பது வயதுக்கு மேல், வகுப்புக்காகச் சயாம் ரயில் பாதையைப் பற்றி, ஜப்பானியர்கள் போரின்போது சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை, 415 கிலோமீட்டர். ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் ஏராளம். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியது. காலராவில் உடம்பின் நீரெல்லாம் வெளியேறிவிடும். சாகிறவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே சாவார்கள், கொடுத்தாலும் வயிற்றில் தங்காது.

புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். பாட்டி 20 வருடமாகத் துப்புக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். துப்பறியும் கதைகளை மூட்டை மூட்டையாகப் படித்த பேத்தி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்கலாம் என்றால் பாட்டி இல்லை.

தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில், அந்தப் பாதையில் வேலை செய்து இறந்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 6,000க்கும் மேற்பட்ட கல்லறைகள், வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நம் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு கல் கிடையாது. எங்கள் வீட்டில் கல்லுக்குப் பதிலாக ஒரு பேய்க் கதை இருந்தது.

அதைக் கதையாக எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை ஓர் ஆசிரியை துப்புத் துலக்கிக் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் விளக்குகிறாள். துண்டு, தண்ணீர், காலரா, வருடம், எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. படித்தால் பாடக் குறிப்பு மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை விளக்கத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். பயமாக இருந்தது, ஆனால் வெறும் பயம். மூன்றாவதில் பாட்டியையே பேச விட்டேன். சயாம் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், யாரோ வேறு எதையோ பேசும்போது வரும். முதல் பத்தியில் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கிறது. பக்கத்திலேயே கோழி கத்துகிறது, தம்பி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்கிறான். சொம்பை யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்த நீல மைக்காரரின் ஞாபகம் வந்தது.

போன வருடம் அந்தக் கதை ஒரு தொகுப்பில் வந்தது. சுங்கை பட்டாணியில் இருக்கிற என் பெரியத்தைக்கு அவருடைய பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். அத்தைக்குக் கண் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். அன்றைக்கே எனக்கு ஃபோன் வந்தது.

"ஏண்டி, கதை முழுக்க அந்த ஆளு அந்த ஆளுன்னே எழுதியிருக்கியே. எங்க மாமாவுக்குப் பேரு இல்லையா?"

"பாட்டி சொன்னதே இல்லையே அத்தை."

"பாட்டி சொல்லலைன்னா என்கிட்டக் கேட்க வேண்டியதுதானே? அவர் போனப்ப எனக்கு நாலு வயசு. தோளு மேலதான் உட்கார்ந்திருப்பேன்."

பெயரைச் சொன்னார். எந்த வழியாக லாரி போனது, பாட்டி எதைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார், அதையும் சொன்னார். அரை மணி நேரத்தில் அவ்வளவும். பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணி காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி போய் வருகிற வீடு. சாட்சியை விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்தக் கதையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்காவது தடவை. பெயர் முதல் வரியிலேயே வருகிறது.

வணக்கம்.