யூடியூபர்களின் நிதியுதவி ஆட்டமும் சனிக்கிழமை கிளப்புகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

2025 மார்ச் 8, சனிக்கிழமை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் 90,000 பேர். ஆடியது இங்கிலாந்து அணியும் இல்லை, அர்செனலும் இல்லை. ஒரு பக்கம் சைட்மென் என்ற ஏழு யூடியூபர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும், எதிர்ப்பக்கம் யூடியூப் ஆல்ஸ்டார்ஸ். ஆட்டம் 9-9 என்று முடிந்தது, பெனால்டியில் ஆல்ஸ்டார்ஸ் ஜெயித்தது. நடுவே ஒரு கூத்து. மஞ்சள் அட்டை காட்டிய நடுவரிடம் மேக்ஸ் ஃபாஷ் என்ற யூடியூபர், ஊனோ சீட்டுக்கட்டில் வரும், ஆட்டத்தின் திசையையே திருப்பிவிடும் ‘ரிவர்ஸ்’ சீட்டை எடுத்து நீட்டிவிட்டார். அரங்கமே அதிர்ந்தது. அன்றைக்குத் திரண்ட நன்கொடை 47 லட்சம் பவுண்டு.

இது ஒரே நாளில் வளர்ந்த கூட்டம் இல்லை. 2016-இல் சவுத்தாம்ப்டனின் செயின்ட் மேரிஸ் மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தபோது கிடைத்தது ஒரு லட்சத்துச் சொச்சம் பவுண்டு. 2022-இல் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. 2023-இல் லண்டன் ஸ்டேடியத்தில் 24 லட்சம். இதையெல்லாம் பார்த்துவிட்டு, “பழைய கிளப்புகளின் கதை முடிந்தது, இனிப் பிள்ளைகள் யூடியூபர் பின்னால்தான் போவார்கள்” என்று ஒரு கட்சி பேசுகிறது. “இதெல்லாம் கால்பந்தே இல்லை, வெறும் கேலிக்கூத்து” என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. இந்த ஆட்டங்கள் கிளப்புகளின் ரசிகர்களைப் பறித்துக்கொண்டு போகவில்லை. கிளப்பின் வாசலுக்கு ஒருநாளும் வராத பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. வந்தவர்களைக் கிளப் என்ன செய்கிறது, வந்த பணத்துக்கு யார் கணக்குக் காட்டுகிறார்கள், இந்த இரண்டும்தான் கேள்வி.

கணக்கு என்று வாயெடுத்தால் நூறு வருடம் பின்னால் போகாமல் எனக்கு முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப்போர்க் காலம். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்றொரு தொழிற்சாலை. டிராம் வண்டிச் சாமான்கள் செய்துகொண்டிருந்த இடம், போர் வந்ததும் வெடிமருந்துச் சாமான்கள் செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, வேலைக்கு வந்த பெண்கள் இடைவேளையில் பந்து உதைத்தார்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லண்ட் அவர்களை ஓர் அணியாகச் சேர்த்தார். 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டன் கிளப்பின் டீப்டேல் மைதானத்தை வாடகைக்குப் பிடித்து, காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்காக ஓர் ஆட்டம் நடத்தினார். வந்தவர்கள் 10,000 பேர்!

அங்கிருந்து ஏறுமுகம்தான். 1920 டிசம்பரில் அதே டீப்டேலில் ராத்திரி ஆட்டம் வைத்தார்கள். மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. அப்போது போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலிடம் அனுமதி வாங்கி, எதிரி விமானங்களைத் தேடப் பயன்பட்ட ராணுவ ஒளிவிளக்குகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். தோல் பந்துக்கு வெள்ளையடித்தார்கள். அந்த வெள்ளை சேற்றில் நிற்குமா? கறுத்துப்போகப் போக வேறு பந்தை உள்ளே விட்டு ஆட்டத்தை ஓட்டினார்கள். இன்றைய யூடியூபர்கள் செய்கிற ஜாலவித்தை எதுவும் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். பார்க்க வருகிறவருக்குக் கால்பந்தோடு சேர்த்து ஒரு வேடிக்கையும் வேண்டும் என்பதை அந்த அணி அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தது.

சில நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலில் எவர்ட்டன் கிளப்பின் குடிசன் பார்க். டிக் கெர் பெண்களுக்கும் செயின்ட் ஹெலன்ஸ் பெண்களுக்கும் ஆட்டம். உள்ளே 53,000 பேர், இடமில்லாமல் வெளியே பல்லாயிரம் பேர். வசூல் 3,115 பவுண்டு. அந்தக் காலத்துப் பவுண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அணியில் லிலி பார் என்ற பதின்வயதுப் பெண். அவர் இடது காலால் உதைத்தால் கோல்கீப்பர் தள்ளி நிற்பது நல்லது என்பார்கள்.

அடுத்த வருடம் என்ன நடந்தது தெரியுமா? 1921 டிசம்பர் 5. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ., தன் கீழ் உள்ள கிளப்புகள் பெண்கள் ஆட்டத்துக்கு மைதானம் தரக்கூடாது என்று தீர்மானம் போட்டது. காரணம் இரண்டு. பெண்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்பது ஒன்று. மற்றது, வசூலில் பெரும்பகுதி செலவுக்குப் போகிறது, அறப்பணிக்குப் போவது போதாது என்பது. முதல் காரணம் அந்தக் காலத்து ஆணவம். இரண்டாவதைக் கவனியுங்கள். கணக்கு சரியில்லை என்ற ஒரு வார்த்தை, பிடிக்காதவர் கையில் ஆயுதமாகிவிட்டது. தடை நீங்க அரை நூற்றாண்டு ஆனது. சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008-இல்.

சரி, அதே சங்கத்தின் கணக்கு எப்படி இருந்தது? 1908 முதல் அது சேரிட்டி ஷீல்டு என்ற பெயரில், அறப்பணிக்கென்றே ஓர் ஆட்டம் நடத்தி வந்தது. டிக்கெட் பணத்தில் எவ்வளவு அறப்பணிக்குப் போகிறது என்று சொல்லவில்லை, கொடுக்க வேண்டிய பணத்தையும் தாமதமாகக் கொடுக்கிறது என்று அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் குறை சொன்னது. 2002-இல் ஆட்டத்தின் பெயரே கம்யூனிட்டி ஷீல்டு என்று மாறியது. பெண்களிடம் எந்தக் குற்றத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினார்களோ, அதே குற்றம் அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கணக்கு முக்கியம். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பெயரும் தொகையும் உடனுக்குடன் எழுதிக்கொள்வதைப் போல, இங்கேயும் முன்னாடியே எழுத்தில் இருக்க வேண்டும். லாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனம் ஓர் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிச் சாமான் விற்றால், இருவருக்கும் நடுவே எழுத்து ஒப்பந்தம் வேண்டும், எவ்வளவு போகிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்லவும் வேண்டும் என்பது இங்கிலாந்தில் 1992-இல் இயற்றப்பட்ட சட்டம். ஜெர்சி விற்கிற யூடியூபருக்கும் அதுதான். இன்னொரு நுணுக்கம். நன்கொடை கொடுக்கிறவர் வரி கட்டுபவராக இருந்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக அறக்கட்டளைக்குக் கிடைக்கும். டிக்கெட் விலைக்குப் பொதுவாக இது கிடையாது, ஏனென்றால் அது ஆட்டம் பார்க்கக் கொடுத்த காசு. ஆகவே டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே நன்கொடைக்குத் தனிக் கட்டம் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் கைக்கு வர வேண்டிய பணம் போய்விடும்.

இனிக் கிளப் பக்கம். சைட்மென் ஆட்டம் 2017, 2018, 2022 என்று மூன்று முறை நடந்த இடம், தென்கிழக்கு லண்டனில் சார்ல்ட்டன் கிளப்பின் தி வேலி. அந்த மைதானத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1985-இல் கிளப் அதை விட்டு வெளியேறி, வேறு கிளப்பின் மைதானத்தில் அண்டிப் பிழைத்தது. தி வேலியில் புதர் மண்டியது. 1989-இல் ரசிகர்களே கூடிக் களை பிடுங்கிக் குப்பையை எரித்தார்கள். திரும்பி வரும் கட்டடத் திட்டத்துக்கு கிரீனிச் நகரசபை அனுமதி மறுத்ததும், ரசிகர்கள் வேலி கட்சி என்று ஒரு கட்சியையே தொடங்கி 1990 உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள். வாங்கிய ஓட்டு 14,838! ஆட்சியில் இருந்தவர்கள் ஆடிப்போனார்கள். 1992 டிசம்பரில் கிளப் வீடு திரும்பியது. ஒரு யூடியூபருக்காக ரசிகர்கள் தேர்தலில் நிற்பார்களா? அந்த மாதிரி ஒட்டுறவு சந்தா பொத்தானில் வராது. ஆனால் 2022-இல் தி வேலிக்கு முதன்முதலாக வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையை யாராவது சொன்னார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டாயிரம் பேர் கொள்ளும் மைதானம் வைத்திருக்கிற ஒரு சின்னக் கிளப்பிடம் இப்படி ஓர் ஆட்டம் நடத்த வருகிறார்கள் என்று வையுங்கள். முதலில் தேதி. சீசன் முடிந்த பிறகு, மே கடைசியோ ஜூன் தொடக்கமோதான் நல்லது. சைட்மென் முதல் மூன்று ஆட்டங்களும் அப்படித்தான், மே 20-க்கும் ஜூன் 3-க்கும் இடையில். அந்தச் சமயம் புல்தரையை எப்படியும் சீவி, மணல் போட்டு, விதை தூவப் போகிறார்கள், மிதிபட்டால் நஷ்டமில்லை. சீசன் நடுவே வைத்தால் அடுத்த வார லீக் ஆட்டம் கோல்முகத்தில் வழுக்கும்.

அடுத்து, மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் அனுமதி. இது இல்லாமல் பதிவு பெற்ற நடுவர் விசில் ஊத வரமாட்டார். கிளப்பின் வழக்கமான காப்பீடு இந்த ஆட்டத்துக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பயிற்சி இல்லாத உடம்பு திடீரென்று ஓடினால் தொடைப் பின்தசை கிழியும், குதிகால் தசைநாண் அறும். ஆகையால் பாதிக்கு 45 நிமிடம் என்று பிடிவாதம் பிடிக்காமல், போனவர் திரும்ப உள்ளே வரலாம் என்று மாற்று ஆட்டக்காரர் விதியைத் தளர்த்துவது நல்லது.

வாசலில் காசு வாங்கவே கூடாது. எல்லாம் முன்பதிவு டிக்கெட். லீக் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கிளப்புக்கு ஓரளவு தெரியும். யூடியூபருக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. நெரிசல் பெரும்பாலும் உள்ளே வராது, கார் நிறுத்துமிடத்தில் வரும். ஆட்டக்காரர் எந்தக் கதவில், எத்தனை மணிக்கு இறங்குவார் என்று ஒருவர் வீடியோவில் சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் முழுக்க அந்தக் கதவில்தான். அதனால் வரும் வழியை ரகசியமாக வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் உள்ளேயே தடுப்பு போட்டு வரிசையாகப் படம் எடுக்க விடுவது மேல். காவலுக்கு நிற்பவர்களில் பாதிப்பேர் மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

பணம்? வாசல் வசூல் அறப்பணிக்குப் போகட்டும். சாப்பாட்டுக்கடை, பானம், கார் நிறுத்தக் கட்டணம் கிளப்புக்கு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். இதைப் பேசக் கூச்சப்பட்டுக் கடைசியில் கிளப் கைக்காசு போட்டு விளக்குக் கட்டணம் கட்டும். கூட்டத்தில் பிள்ளைகள்தான் அதிகம் என்பதால் பீரை நம்பிக் கணக்குப் போடவும் கூடாது.

எல்லாவற்றையும் விட, டிக்கெட் வாங்கும்போதே “கிளப்பிலிருந்து தகவல் அனுப்பலாமா” என்று சம்மதம் கேட்டுவிட்டு, ஒரு வாரத்துக்குள் அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு டிக்கெட், கூடவே பெண்கள் அணி ஆட்டத்துக்கு ஒன்று. இதைச் செய்யாவிட்டால் அத்தனை பாடும் வீண்.

ஒரு வருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். 2022, 2023 ஆட்டங்கள் நாட்டு அணிகள் ஆடும் இடைவெளி வாரத்தில் வந்தன. பெரிய லீக் நிற்கும் அந்தச் சனிக்கிழமைகளில்தான் கீழ்மட்டக் கிளப்புகள் கொஞ்சம் கூடுதல் கூட்டம் பார்க்கும். 2010 முதல் நடக்கும் நான்-லீக் டே என்ற நாளே அதற்காக வந்ததுதான். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45-லிருந்து 5.15 வரை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டாமல் இருப்பதும் அந்தச் சின்னக் கிளப்புகளின் வாசலைக் காப்பாற்றத்தான். 20 லட்சம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் யூடியூப் ஆட்டத்தைச் சனிக்கிழமை வைக்கிறவர்கள் ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன?

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஹேஷ்டேக் யுனைடெட் பற்றிக் கால்மணி நேரம் பேசலாம் என்று வந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஸ்பென்சர் ஓவன் என்ற யூடியூபர் 2016-இல் தொடங்கிய அணி. 2018-இல் முறைப்படி பத்தாம் நிலை லீக்கில் சேர்ந்து, 2023-க்குள் ஏழாம் நிலைக்கு ஏறிவிட்டது. யூடியூபில் லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள். ஆனால் ஆட்டத்துக்கு வாசலில் வருவது சில நூறு பேர். சொந்த மைதானம் இல்லாமல் மற்றவர் மைதானத்தைப் பகிர்ந்துதான் காலம் ஓட்டியது. 2020-இல் ஒரு பெண்கள் கிளப்பைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதும் அந்த அணி செய்த கெட்டிக்காரத்தனம். அதை விரிக்க நேரமில்லை. ஸ்பெயினில் ஜெரார்ட் பிகே தொடங்கிய ஏழு பேர் ஆடும் கிங்ஸ் லீக், 2023 மார்ச்சில் பார்சிலோனாவின் காம்ப் நோவை நிரப்பியது தனிக் கதை, அதற்கு இன்னொரு உரை வேண்டும்.

கேட்டவர்களுக்கு நன்றி, வணக்கம்.