160 பேருக்கு மரண தண்டனை விதித்த ‘தூக்கு நீதிபதி’!

வணக்கம் நண்பர்களே! 160 பேருக்கு மரண தண்டனை விதித்த ஒரு நீதிபதி, தன் கடைசி நாட்களில் “மரண தண்டனையை ஒழிக்கலாம், எனக்கும் சம்மதம்தான்” என்கிற மாதிரி பேசினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அது கடைசியில் வரும், போய்விடாதீர்கள்.

ஐசக் பார்க்கர். 1838ல் ஒஹாயோவில் பிறந்தவர், வக்கீல், மிசௌரியிலிருந்து இரண்டு முறை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர். முன்கதை அவ்வளவுதான்.

1875ல் ஜனாதிபதி கிராண்ட் இவரை ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித்துக்கு நீதிபதியாக அனுப்பினார். பக்கத்திலேயே, அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் ‘இந்தியன் டெரிட்டரி’ என்ற பகுதி. அவர்களுக்குச் சொந்த நீதிமன்றங்கள் இருந்தன. ஆனால் வெளியாட்களை விசாரிக்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை. கொலை செய்தவன், கொள்ளையடித்தவன் எல்லாம் அங்கே ஓடி ஒளிந்தான். அவர்களைப் பிடித்து விசாரிக்கும் பொறுப்பு பார்க்கர் தலையில். செப்டம்பர் 3 அன்று ஒரே மேடையில் ஆறு பேரைத் தூக்கிலிட்டார்கள். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆளுக்கு வருவோம். பாஸ் ரீவ்ஸ்! இவரும் 1838ல்தான் பிறந்தார், ஆனால் ஆர்கன்சாவில், அடிமையாக. பார்க்கர் காலத்தில் டெபுடி மார்ஷல், அதாவது குற்றவாளிகளைப் பிடித்து வரும் நீதிமன்ற அதிகாரி ஆனார். எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்டுகளை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனதில் பதிய வைத்துக்கொண்டு குதிரையில் கிளம்புவார். மாறுவேடத்தில் போய்க் குற்றவாளிகளை வளைத்திருக்கிறார். ஒருமுறை தன் சமையல்காரர் சுடப்பட்டு இறந்த வழக்கில் இவரே கைதியாக நின்றார். யார் முன்னால்? அதே பார்க்கர் முன்னால்! 1887ல் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு, விடுதலை செய்தது. அடிமையாகப் பிறந்த ஒருவர் அந்தக் காலத்தில் சட்டத்தின் முகமாக நின்றார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அப்புறம், பார்க்கர் கொடூரமானவரா? கொலைக்கும் பாலியல் வன்முறைக்கும் அன்றைய சட்டம் மரண தண்டனையைக் கட்டாயமாக்கியிருந்தது. ஜூரி குற்றவாளி என்றால் நீதிபதிக்கு வேறு வழி இல்லை. 160 பேரில் தூக்கிலிடப்பட்டவர்கள் 79 பேர். என்னை உறுத்துவது வேறு விஷயம்: 1889 வரை அந்தத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீடே கிடையாது! வழி திறந்ததும், உச்ச நீதிமன்றத்துக்குப் போன இவருடைய மரண தண்டனை வழக்குகளில் பாதிக்கும் மேல் ரத்தாகின. அதற்கு முன் தொங்கியவர்களில் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்?

1896 செப்டம்பரில் இந்தியன் டெரிட்டரி மீதான அதிகாரம் பறிபோனது. பார்க்கர் அப்போது படுக்கையில். நவம்பர் 17ல் இறந்தார்.

அந்த நிபந்தனை? குற்றம் செய்தால் தண்டனை நிச்சயம் என்ற நிலை இருக்க வேண்டும், அது எந்தத் தண்டனையாக இருந்தாலும் சரி. இதில் நீங்கள் அவர் பக்கமா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.