தெரியாது என்பதும் ஒரு பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

கடவுள் உண்டா என்று கேட்டால் சிலர் உண்டு என்பார்கள், சிலர் இல்லை என்பார்கள். தெரியாது என்று சொன்னவரை மட்டும் யாரும் சும்மா விடுவதில்லை. 'அதென்ன வழவழா கொழகொழா பதில்?' என்று மடக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி. தெரியுமா என்பது வேறு கேள்வி. நாத்திகர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார்; அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்பது தெரியாது என்பவர், இரண்டாவதுக்கு. அதனால் ஒருவரே இரண்டுமாக இருக்கலாம்: 'நம்பவில்லை, ஆனால் இல்லை என்று நிரூபிக்கவும் என்னால் முடியாது.' தெரியாது, ஆனாலும் நம்புகிறேன் என்பவர்களும் உண்டு.

கைக்குள் கூழாங்கற்களை மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா என்று கேட்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்காக நான் இரட்டை என்று சொன்னதாக ஆகுமா? ஆகாது. நாத்திகர்களிலும் இப்படி நம்பாமல் இருப்பவர்கள் உண்டு, இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு.

சரி, தாமஸ் ஹக்ஸ்லியிடம் வருகிறேன். பரிணாமக் கொள்கைக்காக டார்வினின் பக்கம் நின்று வாதாடிய ஆங்கிலேய அறிவியலாளர். 1869இல் தெரியாது என்ற இந்த நிலைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரே அவர்தான். ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே அதன்படி வாழ்ந்தவர். 1860 செப்டம்பரில் அவருடைய மகன் நோயல் காய்ச்சலில் இறந்துபோனான். நான்கு வயதுகூட நிரம்பவில்லை. சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் ஆறுதல் சொல்லிக் கடிதம் எழுதினார். இறந்த பிறகும் வாழ்வு உண்டு என்று நம்பிவிட்டால் துக்கம் கொஞ்சம் இறங்கும். ஹக்ஸ்லி என்ன எழுதினார் தெரியுமா? அதை நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை; நம்பக் காரணம் காணவில்லை, பொய்யென்று காட்டவும் வழியில்லை என்றார்.

அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார். பிள்ளையின் சவப்பெட்டி அருகே நிற்கும்போது, இறந்தவர்கள் எழுவதில்லை என்றால் உண்போம், குடிப்போம், நாளை சாவோம் என்ற பைபிள் வசனத்தை வாசித்தார்களாம். அவர் அதிர்ந்துபோனார். குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூடத் துக்கப்படுமே தவிர உடனே தின்னப் போகாதே என்று எழுதுகிறார். பெற்ற பிள்ளையைப் புதைத்த கையோடு, தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மறுத்தவர் அவர். இதையா வழவழா கொழகொழா என்பது? இதைவிட உறுதியான பதிலை நான் படித்ததில்லை.

டார்வினும் 1879இல் ஒரு கடிதத்தில், கடவுளை மறுக்கும் அர்த்தத்தில் தான் ஒருபோதும் நாத்திகன் இல்லை, அறியொணாவாதி என்பதே பொருந்தும் என்று எழுதினார்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெர்ட்ரண்ட் ரசல் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். தத்துவம் படித்தவர்களிடம் தன்னை அறியொணாவாதி என்றும், சாதாரண மனிதரிடம் நாத்திகன் என்றும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார் அவர். ஏனென்றால் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய தெய்வங்களையும் அவரால் இல்லை என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அவற்றைப் பற்றித் தெரியாது என்று யாரும் தயங்குவதில்லையே. இந்த வாதத்துக்கு ஹக்ஸ்லியின் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.