தாகம் மண்ணுக்கா, செடிக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

மண்ணில் ஈரம் போதுமா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். உருண்டை நின்றால் ஈரம், உதிர்ந்தால் காய்ச்சல். அந்த வேலையை இப்போது சென்சாரிடம் விட்டிருக்கிறோம். ஆனால் சென்சார் ஈரத்தை நேராகப் பார்ப்பதில்லை. வேறொன்றை அளந்து ஈரத்தை ஊகிக்கிறது.

பரவலாக விற்கும் மண் ஈர சென்சார் அளப்பது மின்தேக்குத் திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை. சுற்றியுள்ள பொருளின் மின்காப்பு மாறிலி கூடினால் அதுவும் கூடும். இந்த மாறிலியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது தண்ணீருக்கு ஏறக்குறைய 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் ஈரம் கொஞ்சம் கூடினாலும் கருவிக்குத் தெரிந்துவிடும்.

சிக்கலும் அங்கேயேதான். ஒருமுறை நான் குழியைச் சற்றுப் பெரிதாகத் தோண்டி, சென்சாரை வைத்து, மண்ணைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றுபோன காற்றையும் சேர்த்து அளந்துவிட்டு, மண் காய்கிறது என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. நானும் நம்பித் தண்ணீர் விட்டேன். வேரடி சேறானது!

சரி, ஒழுங்காகப் பதித்தாயிற்று, திரையில் 20 சதவீதம் என்று வருகிறது. அது போதுமா? மணலில் தாராளம். கெட்டியான களிமண்ணில் அதே 20 சதவீதத்தில் செடி வாடி நிற்கும். களிமண் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேர் இழுத்தாலும் விடாது. இந்த இழுபறியை அளக்கத்தான் டென்சியோமீட்டர் இருக்கிறது. நீர் நிரப்பிய குழாய், அடியில் நுண்துளைகள் உள்ள பீங்கான் முனை, மேலே ஒரு வெற்றிட அளவி. மண் காயக் காய முனை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும், முள் ஏறும். சுமார் 80 கிலோபாஸ்கலுக்கு மேல் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், அப்புறம் மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய கருவிதான். ஆனாலும் செடியின் கஷ்டத்தைச் சொல்வதால் எனக்கு இதன் மேல்தான் மதிப்பு அதிகம்.

பால் கறக்கும் இடத்திலும் இதே மறைமுக வித்தைதான். மடிநோய் வந்தால் பாலில் சோடியமும் குளோரைடும் கூடும், மின்கடத்துதிறன் ஏறும். தானியக் கிடங்கில் கரியமில வாயு ஏறினால், உள்ளே பூச்சியோ பூஞ்சையோ மூச்சு விடுகிறது என்று பொருள்.

சென்சார் வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் மண்ணில் கொஞ்சம் எடுத்து எடை போடுங்கள். 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் தண்ணீர். பெரும்பாலான சென்சார்கள் ஈரத்தை எடைக் கணக்கில் சொல்லாமல் கன அளவுக் கணக்கில் சொல்லும். அதைக் கவனித்துவிட்டு, சென்சார் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். வணக்கம்.