தோற்கும் அணியில் ஒரு புதுமுகம்

நண்பர்களே, வணக்கம்.

இளம் கூடைப்பந்து அணி ஒன்றில் புதிதாகச் சேரும் ஆட்டக்காரர் எப்படி வளர்கிறார் என்று பேச வந்திருக்கிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே, "நிறைய ஆட விடுங்கள், தானாக வளர்ந்துவிடுவார்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்ட நேரம் வேண்டும், சரி. ஆனால் எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்கவே கூடாது என்று பயிற்சியாளர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆட ஆடக் கெட்ட பழக்கம்தான் ஊறும்.

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கின் முதல் சீசனைப் பாருங்கள். 2008 ஜூன் மாத ட்ராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அவரை நான்காவதாக எடுத்தது. ஒரு வாரத்துக்குள் அந்த அணியே ஓக்லஹோமா சிட்டிக்கு இடம் மாறுவது முடிவாகிவிட்டது. பெயர் தண்டர் என்று ஆனது. அணியின் பெரிய நம்பிக்கையான கெவின் டுராண்டுக்கே அப்போது 20 வயதுதான். முதல் 13 ஆட்டங்களில் 12 தோல்வி. பயிற்சியாளர் பி.ஜே. கார்லெசிமோவை நீக்கிவிட்டு, உதவிப் பயிற்சியாளர் ஸ்காட் புரூக்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். உடனே எதுவும் மாறிவிடவில்லை. 32 ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தது மூன்றே வெற்றி.

இந்த நிலைமையில் வெஸ்ட்புரூக்குக்குக் கிடைத்த வேலைதான் முக்கியம். பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவர். யூ.சி.எல்.ஏ. கல்லூரி அணியில் அந்த இடம் பெரும்பாலும் டேரன் காலிசனுடையது. வெஸ்ட்புரூக் அங்கே பெயர் வாங்கியது தடுப்பாட்டத்தில். ஆக, பழக்கமில்லாத ஒரு வேலையை உலகத்தின் மிகக் கடினமான லீகில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் அனுபவமுள்ள எர்ல் வாட்சனுக்குப் பதிலாளாக பெஞ்சிலிருந்து வந்தார். அப்புறம் தொடக்க ஐவரில் இடம் கிடைத்தது. அந்த சீசனில் 82 ஆட்டங்களிலும் ஆடினார். சராசரியாக ஆட்டத்துக்கு 15.3 புள்ளிகள், 5.3 அசிஸ்ட், 3.3 டர்ன்ஓவர். சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்தான் அசிஸ்ட்; பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது டர்ன்ஓவர். போட்ட ஷாட்டுகளில் 40 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. வெற்றிக்கு அவசரப்படுகிற அணியாக இருந்திருந்தால் இவ்வளவு டர்ன்ஓவருக்கு அவரை எப்போதோ பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்கள்.

டர்ன்ஓவர் எல்லாம் ஒன்றில்லை. தனியாக நிற்கும் சக ஆட்டக்காரரைப் பார்த்துவிட்டார், பாஸ் அரை நொடி தாமதமானதால் எதிராளி குறுக்கே கைவைத்துவிட்டார் என்றால், அந்தத் தவறைச் செய்ய விடலாம். கல்லூரியில் திறந்திருக்கும் அதே இடைவெளி இங்கே பாதி நேரத்தில் மூடிவிடும். அந்த வேகத்துக்குக் கண் பழகினால் தாமதம் போய்விடும். யாரையும் பார்க்காமல் மூன்று பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்து பந்தைப் பறிகொடுப்பது வேறு. ஸ்கோர் பலகையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் விழும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் மறுநாள் பயிற்சியாளரும் பையனும் வீடியோ முன்னால் உட்கார வேண்டும். தடுப்பாட்டத்திலும் இப்படித்தான். எதிரணி என்ன செய்யப்போகிறது என்று புரியாமல் உதவிக்குத் தாமதமாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பந்தை இழந்த கடுப்பில் திரும்பி ஓடாமல் நின்றவரை அந்த நிமிடமே வெளியே அழைத்துவிட வேண்டும், அவர் ட்ராஃப்டில் எத்தனாவதாக வந்தவராக இருந்தாலும்.

தண்டர் அந்த சீசனின் மீதி 50 ஆட்டங்களில் 20ஐ வென்றது. தோல்விகள்தான் அதிகம், ஆனாலும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த சீசனில் வெஸ்ட்புரூக்கின் புள்ளிகள் 16.1தான், பெரிதாக ஏறவில்லை. அசிஸ்ட் மட்டும் 8.0 ஆனது. அணி 50 ஆட்டங்களை வென்றது. அந்த 50க்கு டுராண்டின் புள்ளிக் குவிப்பும் காரணம், தாபோ செஃபோலோஷாவின் தடுப்பாட்டமும் காரணம். ஆனால் ஒரு புதுமுகம் பாயின்ட் கார்டாக மாறியதற்கு அந்த அசிஸ்ட் கணக்கைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்த மாற்றம் இரண்டாவது வருடத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. ட்ராஃப்டுக்கு முந்தைய மாதங்கள் அணி அணியாகப் போய் ஆடிக்காட்டுவதிலேயே கழிந்துவிடும். ஜூன் கடைசியில் ட்ராஃப்ட், ஜூலையில் புதுமுகங்கள் ஆடும் சம்மர் லீக், இலையுதிர் காலத்தில் பயிற்சி முகாம். ஷாட்டைப் பிரித்துச் சரிசெய்ய நேரம் எங்கே? தன் அணியின் பயிற்சியாளர்களோடு முழுதாகக் கிடைக்கும் முதல் கோடை, முதல் சீசனுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குள் உடம்பும் களைத்திருக்கும். கல்லூரியில் ஏறக்குறைய 35 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 40 நிமிடம். இங்கே 82 ஆட்டங்கள், 48 நிமிடம். சீசனின் பின்பாதியில் கால் சோர்ந்து, ஷாட்டுகள் வளையத்தின் முன்விளிம்பில் மோதி விழ ஆரம்பிக்கும். அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடுகிறவர்கள் அந்தப் பையனுக்குப் பெரிய அநியாயம் செய்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 2013-14ல் பிலடெல்பியா அணியில் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ், ஆட்டத்துக்கு 16.7 புள்ளிகள், 6.2 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து பிடித்த பந்து), 6.3 அசிஸ்ட் எடுத்து, ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். அணி வென்றது 19 ஆட்டங்கள். நடுவில் தொடர்ந்து 26 தோல்வி. லீகிலேயே அதிவேகமாக ஆடிய அணி அது. ஆட்டம் வேகமானால் பந்து அதிக முறை கைக்கு வரும், எண்களும் உயரும். கூடவே நின்று திருத்தக்கூடிய மூத்த ஆட்டக்காரர்கள் அங்கே மிகக் குறைவு. 2015 பிப்ரவரியில் அவரையே வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு காயங்கள், அணி மேல் அணி மாற்றம். குறையை அவர் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

2024-25ல் சான் அன்டோனியோ அணி வேறு வழியில் போனது. ட்ராஃப்டில் நான்காவதாக வந்த ஸ்டீஃபன் காஸ்லுக்கு அருகில் அனுபவமுள்ள பாயின்ட் கார்டு, 39 வயது கிறிஸ் பாலை நிறுத்தினார்கள். சீசனின் தொடக்கத்திலேயே பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் உடல்நலம் குன்றி விலக நேர்ந்தது. மிட்ச் ஜான்சன் பொறுப்பேற்றார். பிப்ரவரியில் அணியின் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமாவும் இரத்தக்கட்டியால் ஆட முடியாமல் போனார். இத்தனை குழப்பத்திலும் கிறிஸ் பால் 82 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இறங்கினார். காஸ்ல் 14.7 புள்ளிகள் எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். மூன்று புள்ளி ஷாட்டுகளில் 28.5 சதவீதம்தான், அது குறைவுதான். ஆனால் முந்தைய சீசனில் 22 வெற்றியோடு நின்ற அணி 34க்கு வந்தது. அந்த வயதில் கிறிஸ் பால் எடுத்த புள்ளிகளைவிட, தவறு நடந்த அந்த நிமிடத்திலேயே பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவர் இருந்தார் என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒவ்வொரு இளம் அணியும் அப்படி ஒருவருக்காக ஓர் இடத்தை ஒதுக்க வேண்டும். அவர் அதிகம் ஆடாவிட்டாலும் பரவாயில்லை.

சரி, நான் பேசியது போதும். இனி நீங்கள் கேளுங்கள்.