1.5 கிடைக்கவில்லை, 4 கிடைத்துவிட்டது: எண்களை நம்பலாமா?

வணக்கம். ஜியோகேச்சிங் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்படியே வாசிக்கிறேன், கேளுங்கள். ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"ஐயா, கடினம் 1.5 என்று போட்டிருந்த டப்பாவை முக்கால் மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. மறுநாள் என் அண்ணன் மகன், ஒன்பது வயதுப் பையன், 4 என்று போட்டிருந்ததை ஐந்தே நிமிடத்தில் எடுத்து நீட்டுகிறான். இந்த எண்களை யார் போடுகிறார்கள்? நம்பலாமா? இல்லை, என்னிடம் சரியான கருவிகள் இல்லையா? என்னென்ன வாங்க வேண்டும்?"

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி. ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை, அவர் கொடுத்த அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து இன்னொருவர் தேடும் விளையாட்டு. கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும்.

முதலில் எண்கள். டப்பாவை ஒளித்துவைத்தவரேதான் அவற்றைப் போடுகிறார். ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, தேடுவது எவ்வளவு கடினம். மற்றது நிலக் கடினம், அதாவது அந்த இடத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு கடினம். இரண்டுமே 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். ஆக ஒவ்வொன்றிலும் ஒன்பது படிகள், இரண்டையும் சேர்த்தால் 81 வகை. அந்த 81 கட்டங்களையும் நிரப்பியே தீருவேன் என்று வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு தனி நோய், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பலரும் இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்கிறார்கள். நிலத்துக்கு 5 என்றால் படகோ கயிறோ முக்குளிக்கும் சாதனமோ வேண்டும் என்று பொருள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு டப்பா கண்ணெதிரிலேயே இருக்கலாம். தேடலுக்கு 4 என்று இருந்தால், கடினம், இடத்தை நேராகச் சொல்லாமல் மறைத்து வைத்த புதிரிலும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்; போய்ப் பார்த்தால் டப்பா சாதாரணமாக ஒரு கல்லுக்கு அடியில் இருக்கும். அந்தப் பையன் எடுத்தது அந்த வகையாக இருந்து, புதிரை வேறு யாராவது விடுவித்துக் கொடுத்திருந்தால், ஐந்து நிமிடம் என்பதில் வியப்பே இல்லை. பையனின் கண்மட்டத்தையும் மறக்காதீர்கள். பெஞ்சின் அடிப்பக்கம் நமக்குத் தெரியாது, அவனுக்கு நேராகத் தெரியும்.

ஆனால் சகோதரி, எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. முன்பே பலமுறை சொன்னதுதான், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடத்தில், எடுத்தபடியே வைக்க வேண்டும். அந்த எண், டப்பாவை வைத்தவர் வைத்த நாளன்று இருந்த நிலைக்குப் போட்ட எண். நடுவில் பத்துப் பேர் கை வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகத்தைப் படித்துவிட்டு வேறு அலமாரியில் செருகிவிட்டுப் போனால், பட்டியலில் இருக்கும் எண்ணால் யாருக்கு என்ன பயன்?

ஒரு டப்பாவின் கதையைச் சொல்கிறேன். கல் சுவர் ஒன்றில் மூன்று விரல் நுழையும் அளவு பொந்து. அதற்குள் பழைய காமிரா பிலிம் டப்பி, வாயில் ஒரு சில்லுக் கல். கடினம் 1.5. இணையத்தில் அதன் பக்கத்தில் தேடியவர்கள் எழுதியிருந்த பதிவுகளைப் பழையதிலிருந்து வரிசையாகப் படித்தேன். முதலில் வந்தவர்கள், "பார்த்ததும் கிடைத்தது, நன்றி" என்கிறார்கள். பிறகு ஒருவர், "மிகவும் வெளியே தெரிந்தது, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்" என்று பெருமையாக எழுதுகிறார். அடுத்தவர், "சற்றுத் தேட வேண்டியிருந்தது." அதற்கடுத்தவர், "குச்சியால் நெம்பி எடுத்தேன், இப்போது பத்திரமாக இருக்கிறது." அப்புறம் வரிசையாக, கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை. டப்பி அதே பொந்தில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு சாண் ஆழத்தில். ஆளுக்கு ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, 1.5-ஐ 4 ஆக்கிவிட்டார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, எல்லோரும் உபகாரம் செய்தவர்கள்!

இதன் மறுபக்கமும் உண்டு. கஷ்டப்பட்டுத் தேடி எடுத்தவர், களைப்பில் பாதி மூடி, இலையைக்கூடப் போடாமல் போய்விடுவார். அடுத்து வருகிறவருக்கு 4 என்பது ஐந்து நிமிட வேலை. உங்கள் அண்ணன் மகனுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். அவனிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது நிலக் கடினம் 1 விஷயத்தில்தான். 1 என்றால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் போய்ச் சேர முடியும் என்று பொருள். அதை நம்பித்தான் ஒருவர் புறப்பட்டு வருகிறார். கம்பிவேலியில் இடுப்பு உயரத்தில் காந்தத்தால் ஒட்டியிருந்த டப்பாவை, "குழந்தைகள் எடுத்துவிடுவார்கள்" என்று தலைக்கு மேலே ஒட்டிவிட்டுப் போகிறார் ஒரு புண்ணியவான். திரையில் இன்னமும் 1 என்றுதான் இருக்கிறது. கீழே உட்கார்ந்திருப்பவரின் கை எட்டாது. அதனால்தான் சொல்கிறேன், எடுத்தபடியே வையுங்கள். எடுக்கும் முன்பு கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப வைக்க உதவும். அந்தப் படத்தை வெளியிட மட்டும் செய்யாதீர்கள். இடம் சரியில்லை என்று தோன்றினால் வைத்தவருக்கு எழுதுங்கள், முடிவை அவர் எடுப்பார்.

சரி, கருவிகள். கடையை வாங்க வேண்டாம். முதல் கருவி பேனா. சிரிக்காதீர்கள். 100 மில்லிக்கும் குறைவான சின்ன டப்பாக்களில் பேனா வைக்க இடமே இருக்காது. தாளில் பெயர் எழுதாவிட்டால் கண்டுபிடித்ததாகக் கணக்கில்லை. மலையேறிப் போய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, புல்லைக் கசக்கிப் பச்சையாகக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தட்டையான முனையுள்ள சாமணம். சுண்டுவிரல் நுனி அளவு டப்பிகளில் தாளை இறுகச் சுருட்டி வைத்திருப்பார்கள். நகத்தால் இழுத்தால் கிழியும். பிறகு சின்ன டார்ச், பகலிலும் வேண்டும். பொந்துக்குள் விரலை விடும் முன் வெளிச்சம் போட்டுப் பாருங்கள், உள்ளே வேறு குடித்தனம் இருக்கலாம். கையுறை, கைப்பேசிக்குக் கூடுதல் பேட்டரி, குடிதண்ணீர். நீளும் கம்பியின் நுனியில் ஒரு கண்ணாடி இருந்தால் பெஞ்சுக்கு அடியில் தவழ வேண்டியதில்லை. ஈரமான தாள்களைப் பற்றி முன்பு பேசியபோது சொன்னதுதான்: உலர்ந்த தாள் சில, சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றிரண்டு. இவ்வளவும் ஒரு கைப்பையில் அடங்கும்.

தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். தொடக்கத்துக்குக் கைப்பேசி போதும். எதுவானாலும் சில மீட்டர் பிசகும். அடர்ந்த மரங்களுக்குக் கீழும் உயரமான கட்டடங்களின் ஓரத்திலும் இன்னும் அதிகமாகப் பிசகும். வைத்தவரின் கருவியிலும் பிசகு, உங்களுடையதிலும் பிசகு. ஆகவே தூரம் பூஜ்யம் என்று காட்டும் இடத்திலேயே நின்று தோண்டித் துருவுவதில் பயனில்லை. பத்து மீட்டர் வட்டத்துக்குள் வந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். வரிசையாக இருக்கும் திருகாணிகளில் ஒன்று மட்டும் துரு ஏறாமல் இருக்கிறதா? கற்களில் ஒன்று மட்டும் கவனமாக அடுக்கியதுபோல் இருக்கிறதா? அங்கே கை வையுங்கள்.

கொண்டுபோகக் கூடாதவை இரண்டு. ஒன்று, மண்வெட்டி. ஏனென்றால் டப்பாவை மண்ணைத் தோண்டிப் புதைத்து வைப்பது விதிப்படி கூடாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3-ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்து, அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். இந்த விளையாட்டின் பிறப்பே அதுதான். அந்த வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது, உள்ளே ஒரு டின் அவரை விதையும் இருந்தது. இன்றைய விதிப்படி புதைப்பதும் கூடாது, உணவு வைப்பதும் கூடாது. வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். முதல் டப்பாவையே இன்று அனுமதிக்க மாட்டார்கள்!

கூடாத இரண்டாவது பொருள், காலி டப்பா. சிலர் தேடிக் கிடைக்காவிட்டால் தாங்களே புதிதாக ஒன்றை வைத்து, அதில் கையெழுத்தும் போட்டு, "கிடைத்தது" என்று எழுதிவிடுகிறார்கள். உதவி என்றுதான் நினைக்கிறார்கள். பழைய டப்பா இரண்டடி தள்ளிப் பத்திரமாக இருக்கும். இப்போது ஒரே இடத்தில் இரண்டு, எதில் கையெழுத்துப் போட்டால் கணக்கு என்று அடுத்தவருக்குத் தெரியாது.

சகோதரி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. "கிடைக்காதபோது என்ன எழுத வேண்டும்?" நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை என்று ஊகிக்கிறேன். வெட்கம்தானே? "1.5-ஐக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று நினைப்பார்களே!" இப்படி நினைத்தே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. சுவர்ப் பொந்து டப்பாவின் கோளாறு வெளியே தெரிந்ததே, வரிசையாகச் சிலர் "கிடைக்கவில்லை" என்று எழுதியதால்தான். வைத்தவர் வந்து பார்த்தார், குறடு கொண்டு வெளியே இழுத்தார், பழைய இடத்தில் வைத்தார். அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் எல்லாம் நலம் என்றே இருந்திருப்பார்.

எனவே இன்றைக்கே அந்த 1.5-இன் பக்கத்தில் "கிடைக்கவில்லை" என்று பதியுங்கள். எவ்வளவு நேரம், எந்தப் பக்கமெல்லாம் தேடினீர்கள் என்று இரண்டு வரி போதும். சுவரின் பின்பக்கம் பார்த்தேன், வேலிப் பக்கம் ஆள் நடமாட்டம் இருந்ததால் போகவில்லை என்பதுபோல. விடையை உடைக்கும் படங்கள் வேண்டாம். வைத்தவர் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் எழுதியதும் மறுபடி போங்கள், பையனையும் அழைத்துக்கொண்டு.

டிராவல் பக் பற்றி, அதாவது அடையாள எண்ணோடு டப்பாவுக்கு டப்பா போய்க்கொண்டிருக்கும் பொருளைப் பற்றி, இன்னொருவர் கேட்டிருந்தார்: "எடுத்தால் பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டுமா?" வேண்டாம். டப்பாவில் இருக்கும் மற்ற சின்னப் பொருள்களை எடுத்தால்தான் அதே மதிப்பில் ஒன்று வைக்க வேண்டும். டிராவல் பக் பரிசு இல்லை, பயணி. எடுத்தால் இன்னொரு டப்பாவில் இறக்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் வைத்திருப்பவர்களைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது, அடுத்த முறை பேசுகிறேன்.